மட்டாஞ்சேரி: வந்தவர்கள் கட்டிய ஊர்

கொச்சி ஒரே ஊரல்ல. ரயிலிலோ பேருந்திலோ வருகிறவர் இறங்கும் எர்ணாகுளம் காயலின் கிழக்குக் கரையில் இருக்கிறது. மெட்ரோ ரயிலும் பெரிய ஜவுளிக்கடைகளும் மருத்துவமனைகளும் அந்தப் பக்கம். காயலைத் தாண்டினால் மேற்கே, கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் நிலத்தில் ஃபோர்ட் கொச்சியும் அதன் தோளோடு தோளாக மட்டாஞ்சேரியும் உள்ளன. விளம்பரங்களில் கொச்சி என்று காட்டப்படும் சீனவலை, டச்சு அரண்மனை, யூதர் தெரு, பழைய தேவாலயங்கள் எல்லாம் இந்த மேற்குப் பகுதியைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டிலிருந்து மூணாறுக்கோ ஆலப்புழைப் படகுவீட்டுக்கோ போகிற குடும்பங்கள் வழியில் அரை நாள் ஒதுக்கி இங்கே வருகின்றன. வலைக்கு முன்னால் ஒரு படம், சர்ச்சில் பத்து நிமிடம், அரண்மனையில் இருபது நிமிடம், யூதர் தெருவில் கொஞ்சம் பேரம், பிறகு வண்டி ஏறிவிடுகிறார்கள். இப்படிப் பார்த்தால் கொச்சி ஏமாற்றத்தான் செய்யும். தஞ்சையையும் மதுரையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சின்னங்கள் தனித்தனியே பெரிதாகத் தெரியாது. ஊரின் சிறப்பு இவற்றுக்கு இடையிலுள்ள தெருக்களில் இருக்கிறது. கடல் வழியாகவும் தரை வழியாகவும் வந்த யார் யாரோ இங்கே வீடு கட்டி, கடை வைத்து, வழிபாட்டு இடம் எழுப்பி, அடுத்தடுத்த வாசல்களில் தங்கிவிட்டார்கள்.

சங்க இலக்கியம் பாடும் முசிறி இங்கிருந்து வடக்கே, பெரியாற்றின் முகத்துவாரத்தில் இருந்த துறைமுகம். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அந்தத் துறையைத் தூர்த்துவிட்டு, கொச்சியில் கடலுக்குப் புது வாயில் திறந்தது என்பது வரலாற்று நூல்களில் பரவலாகக் காணப்படும் விளக்கம். கொச்சியை ஆண்ட பெரும்படப்பு அரச குடும்பமும் பின்னர் இங்கே இடம் மாறியது. 1500இல் போர்த்துகீசியத் தளபதி கப்ரால் வந்தார். கோழிக்கோட்டை ஆண்ட சாமூதிரியோடு பகை கொண்டிருந்த கொச்சி அரசர் அவரை வரவேற்றதில் வியப்பில்லை. 1503இல் போர்த்துகீசியர் கோட்டை கட்டினார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இன்று இல்லை. அதன் பெயர் மட்டும் ஃபோர்ட் கொச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழர்கள் பலர் அறியாத ஒரு செய்தி இங்கே உண்டு. ஆங்கிலேயர் வசமிருந்த ஃபோர்ட் கொச்சி, மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாகாணத்தின் கீழ் இருந்தது. 1956 வரை அதன் தலைநகரம் சென்னைதான். பக்கத்திலிருந்த மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் ஊர். காலார நடந்தே கடக்கக்கூடிய இரண்டு பகுதிகளுக்கு இரண்டு அரசாங்கம், இரண்டு நகராட்சி. இரண்டும் எர்ணாகுளத்தோடு சேர்ந்து ஒரே மாநகராட்சியானது 1967இல். இந்தப் பிரிவினையின் தடம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. ஃபோர்ட் கொச்சியில் தெருக்கள் நேராக, தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில், ஓட்டுக்கூரை பங்களாக்களோடு அமைதியாக இருக்கின்றன. அங்கிருந்து மட்டாஞ்சேரிப் பக்கம் திரும்பினால் தெரு குறுகுகிறது. இருபுறமும் பண்டகசாலைகள், லாரிகள், மூட்டை சுமப்பவர்கள், ஐந்தாறு மொழியில் பெயர்ப்பலகைகள்.

எர்ணாகுளத்திலிருந்து இங்கே வரச் சாலை உண்டு, பாலங்கள் உண்டு, போக்குவரத்து நெரிசலும் தாராளமாக உண்டு. படகில் வருவதுதான் உத்தமம். மாநில நீர்வழிப் போக்குவரத்துத் துறையின் பழைய படகுகள் மிகக் குறைந்த கட்டணத்தில் ஓடுகின்றன. 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் கொச்சிக் கப்பல் கட்டும் தளம் கட்டிய மின்கலப் படகுகள் ஓடுகின்றன. குளிரூட்டிய அறை, அகலமான கண்ணாடி ஜன்னல், சத்தமில்லாத ஓட்டம். ஃபோர்ட் கொச்சிக்கு 2024இலும் மட்டாஞ்சேரிக்கு 2025 அக்டோபரிலும் இதன் நிறுத்தங்கள் திறக்கப்பட்டன. மட்டாஞ்சேரி நிறுத்தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் முதியவர்களை அழைத்து வருகிறவர்களுக்கு நடை மிச்சம். ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பின் கரைக்கு வண்டியோடு ஆட்களையும் ஏற்றிப் போகும் ஜங்கார் படகும் உண்டு.

படகு செல்லும் வழியில் வில்லிங்டன் தீவு வருகிறது. இயற்கை படைத்த தீவு அல்ல இது. கொச்சியின் முகத்துவாரத்தில் குறுக்கே கிடந்த மணல்மேடு பெரிய கப்பல்களை உள்ளே விடாமல் தடுத்து வந்தது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபு, ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளரை 1920இல் இங்கே அனுப்பினார். பிரிஸ்டோ மணல்மேட்டை வெட்டி வழி செய்தார். 1928இல் ‘பத்மா’ என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணையெல்லாம் கொட்டிச் சேர்த்ததில் உருவானது இந்தத் தீவு.

ஃபோர்ட் கொச்சியின் முனையில் சீனவலைகள் நிற்கின்றன. சீன வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்பது ஊரார் சொல்வது; மக்காவிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. படத்தில் வலை மட்டும்தான் அழகாக விழும். கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஓர் இயந்திரம். கரையில் ஊன்றிய அச்சில் ஒரு பெரிய மரச்சட்டம் ஏறி இறங்கும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் கடல்பக்க முனையில் வளைந்த நான்கு கழிகளிலிருந்து வலை தொங்குகிறது. கரைப்பக்கத்தில் தடித்த கயிறுகளில் வரிசையாகக் கருங்கற்கள் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஓர் ஆள் நடுச்சட்டத்தின் மேல் கடலை நோக்கி நடந்து போனாலே போதும். அவர் எடையில் வலை மெல்லத் தண்ணீருக்குள் இறங்குகிறது. சில நிமிடம் கழித்து நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்கிறார்கள். கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் வந்து உட்கார, வலை மேலே எழும்புகிறது. கையால் இயங்கும் இந்த நெம்புகோலில் மோட்டார் கிடையாது. வலையில் கிடைப்பது பெரும்பாலும் கைப்பிடி மீன்தான். துறைமுகக் கப்பல்களும் ஆகாயத்தாமரையும் மீன் குறைவும் சேர்ந்து இந்தத் தொழிலை நசுக்கிவிட்டன. கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்லி அழைப்பவர்கள் அதற்கு ஏதாவது எதிர்பார்ப்பார்கள். கொடுப்பதில் தவறில்லை, வலையைப் பழுது பார்க்கும் செலவுக்கு மீனைவிட இந்தக் காசு கைகொடுக்கிறது.

பக்கத்திலுள்ள செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம் 1503இல் மரத்தாலும் பின்னர் கல்லாலும் கட்டப்பட்டது. ஐரோப்பியர் இந்தியாவில் கட்டிய தேவாலயங்களில் மிகப் பழையதாக எண்ணப்படுகிறது. வாஸ்கோ ட காமா தன் மூன்றாவது பயணத்தில், 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்து இங்கே புதைக்கப்பட்டார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கம்பி வேலிக்குள் இருப்பது வெறும் கல்லறைக் கல். கத்தோலிக்கரிடமிருந்து டச்சுக்காரர்களின் சீர்திருத்த சபைக்கும், அவர்களிடமிருந்து ஆங்கிலேயத் திருச்சபைக்கும் மாறிய இந்தக் கோயில் இன்று தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. உள்ளே அண்ணாந்து பார்த்தால் பழைய துணி விசிறிகள் தெரியும். கயிறு வெளியே போகிறது. வழிபாட்டு நேரத்தில் வெயிலில் நின்று அதை இழுக்க ஆள் வைத்திருந்தார்கள். சற்றுத் தள்ளி இருக்கும் சாந்தா குரூஸ் பசிலிக்கா 1905இல் அர்ச்சிக்கப்பட்ட கட்டடம். போர்த்துகீசியர் கட்டிய பழைய பேராலயத்தை ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள்.

மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு அரண்மனை என்று எல்லோரும் சொல்கிறார்கள். கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் அல்லர். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துகீசியர் கட்டி, கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தார்கள். கொடுத்ததன் பின்னணியில் வணிகச் சலுகைகள் இருந்தன என்று சொல்லத் தேவையில்லை. 1663க்குப் பின் டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் பெயர் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர் ‘இதுவா அரண்மனை?’ என்று கேட்காமல் இருக்க முடியாது. மாடி வைத்த நாலுகெட்டு வீடு, வெள்ளைச் சுவர், ஓட்டுக்கூரை, நடு முற்றத்தில் அரச குடும்பத்தின் குலதெய்வமான பழையன்னூர் பகவதியின் சிறு கோயில். உள்ளே போனால் எண்ணம் மாறும்.

அரசரின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுவதும் வரையப்பட்டிருக்கிறது. தசரதன் பிள்ளைவரம் வேண்டிச் செய்யும் வேள்வியில் தொடங்கி, ராமன் அயோத்தி திரும்புவது வரை கதை இடைவெளியே இல்லாமல் ஓடுகிறது. ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே கோடு கிடையாது. அரக்கன், குரங்கு, மரம், யானை, அரசி என்று உருவங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. காவிச் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு ஆகிய வண்ணங்கள் கல்லிலிருந்தும் செடியிலிருந்தும் எடுத்தவை. நம் ஊர்க் கோயில் சுவரோவியங்களைப் பார்த்தவர்கள் ஒரு வேறுபாட்டை உடனே உணர்வார்கள்: கேரள ஓவியத்தில் முகங்கள் கதகளி வேஷம்போல அகன்று, கண்கள் பெரிதாக, நகைகள் உடலை மூடும் அளவு கனமாக இருக்கின்றன. கீழ்த்தளத்துப் பெண்கள் பகுதியில் கோபியரோடு கண்ணன் இருக்கிறான். அங்கே ஓவியர் முடிக்காமல் விட்ட காட்சிகளும் உண்டு. வண்ணம் தீட்டாத கோடுகள் தெரிவதால், ஓவியம் எப்படி வளர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள அந்தச் சுவரே நல்ல பாடம். அறைகளின் தரையையும் குனிந்து பார்க்க வேண்டும். மெருகேற்றிய கரும்பளிங்கு என்று தோன்றும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, செடிச்சாறு, முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றைக் கலந்து இழைத்த தரை அது. இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள அரண்மனைக்கு நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு. படம் எடுக்க அனுமதி இல்லை. கூட்டத்தோடு நடந்தால் பள்ளியறையைக் கடக்க இரண்டு நிமிடம்தான் ஆகும். ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து அரை மணி நேரம் நிற்பது நல்லது.

அரண்மனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் யூதர் தெரு. கொச்சியில் யூதர்களின் வரலாறு இரண்டு அடுக்கு கொண்டது. மலபார் யூதர்கள் பல நூற்றாண்டுகளாக இந்தக் கரையில் வாழ்ந்தவர்கள். சேர அரசர் பாஸ்கர ரவி ஏறத்தாழ கி.பி. 1000இல் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு வரிவிலக்கும் பல்லக்கு, குடை, பகல்விளக்கு போன்ற மரியாதைகளும் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதன் நகலைத்தான் 2017இல் பிரதமர் மோடி இஸ்ரேலுக்குக் கொண்டுபோனார். இரண்டாவது அடுக்கு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் பரதேசி யூதர் என்று பெயர் பெற்றவர்கள். 1492இல் ஸ்பெயின் தன் நாட்டு யூதர்களை விரட்டியது. அப்படி ஊரிழந்தவர்களின் வழிவந்த சிலரும் மேற்காசியாவிலிருந்து வந்த வேறு சிலரும் கொச்சியில் குடியேறி, அரசர் கொடுத்த நிலத்தில் 1568இல் சினகாக் என்ற தங்கள் தொழுகைக்கூடத்தைக் கட்டினார்கள். அரண்மனைக் கோயிலும் சினகாகும் ஒட்டிய சுவர்க்காரர்கள்.

சினகாகுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கால் படுவது சீனத்தின் கான்டன் நகரிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த கையால் வரைந்த நீலவெள்ளை ஓடுகளின் மேல். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அதைச் சோதித்துப் பார்க்கலாம். கூரையிலிருந்து பெல்ஜியக் கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்குகின்றன. வெளியே உள்ள மணிக்கூண்டு 1760இல் எசக்கியேல் ரஹாபி என்ற வணிகர் கட்டியது. அதன் முகங்களில் எபிரேய எண், ரோமன் எண், மலையாள எண் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறது. 1968இல் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார், அஞ்சல்தலையும் வெளியானது.

வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் கதை ஒன்று இந்தக் கட்டடத்துக்கு உண்டு. பரதேசி யூதர்கள், தங்களிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தோரைச் சமமாக உட்கார விடவில்லை. அந்தப் பிரிவில் பிறந்து சென்னையில் சட்டம் படித்த ஏ.பி. சேலம் (1882–1967) காந்திய வழியில் சினகாகுக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். யூத காந்தி என்று அவருக்குப் பட்டப்பெயர். தெருவுக்கு இன்று அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். இஸ்ரேல் உருவான பிறகு 1950களில் மலபார் யூதர்கள் ஏறக்குறைய எல்லோரும் கிளம்பிப் போனார்கள். பரதேசிகளும் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். கையால் பூவேலை செய்த துணிகள் விற்ற சாரா கோஹன் 2019இல் 96 வயதில் காலமானார். குவீனி ஹலேகுவா 2024இல் மறைந்தார். முறைப்படி கூட்டுவழிபாடு நடக்க வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். உள்ளூரில் அத்தனை பேர் இல்லாமல் போய்ப் பல காலம் ஆகிறது. தெருவின் வீடுகள் கடைகளாகிவிட்டன. அங்கே ‘பழம்பொருள்’ என்று விற்பதில் நேற்றுச் செய்ததும் நிறைய. பொருள் பிடித்திருந்தால் பிடித்த விலைக்கு வாங்கலாம். வயதுக்காக விலை கொடுக்க வேண்டாம்.

யூதர் தெருவிலிருந்து காயலை ஒட்டி வடக்கே போகும் பஜார் ரோடுதான் மட்டாஞ்சேரியின் முதுகெலும்பு. பண்டகசாலைகளின் முன்வாசல் தெருவிலும் பின்வாசல் தண்ணீரிலும் திறக்கும். படகிலிருந்து இறங்கிய மூட்டை அப்படியே உள்ளே போய்விடும். இப்போது சரக்கு லாரியில் வருகிறது, பெரும்பாலான பின்வாசல்கள் பூட்டிக் கிடக்கின்றன. ஆனாலும் வணிகம் நிற்கவில்லை. மிளகு, ஏலம், சுக்கு, கிராம்பு, சாதிக்காய், மஞ்சள், அரிசி, பருப்பு என்று மொத்த வியாபாரம் காலையில் சூடு பிடிக்கிறது. தரகர் மூட்டைக்குள் கம்பியைக் குத்தி எடுத்த மிளகை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிறார். ஒரு லிட்டர் படியில் மிளகை நிரப்பி எடை போடுவது இந்தத் தொழிலின் பழைய சோதனை. 550 கிராம் நின்றால் நல்ல கனமான மிளகு. பதர் கலந்தால் எடை இறங்கிவிடும். உலகச் சந்தையில் சுக்குக்கு ‘கொச்சி’ என்பது இன்றும் ஒரு தரப்பெயர். முற்றங்களில் சுக்கு வெள்ளையாகக் காய்கிறது. முறமும் சல்லடையுமாகப் பெண்கள் உட்கார்ந்து புடைத்துத் தரம் பிரிக்கிறார்கள். யூதர் தெருவிலேயே 1957இல் மிளகுக்கென்று தனியாக ஒரு முன்பேரச் சந்தை தொடங்கியது. கூச்சலும் கையசைப்புமாக விலை பேசிய அந்தக் கூடத்தைக் கணினி அமைதியாக்கிவிட்டது.

இந்தச் செழிப்பின் மறுபக்கமும் மட்டாஞ்சேரியில்தான் நடந்தது. துறைமுகத்தில் அன்றாட வேலைக்கு ஆள் எடுக்கச் ‘சாப்பா’ என்ற உலோக வில்லையைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். அடித்துப் பிடித்து அதை எடுப்பவனுக்கு அன்றைக்குக் கூலி, மற்றவனுக்குப் பட்டினி. இதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளியான ‘துறமுகம்’ படம் இந்தக் கதைதான். பயணத்துக்கு முன் அதைப் பார்த்துவிட்டு வந்தால் பஜார் ரோடு வேறு மாதிரி தெரியும்.

சுற்றியுள்ள சந்துகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினால் முடிவு வராது. கோவாவில் போர்த்துகீசியரின் மதவிசாரணைக் கொடுமைக்குத் தப்பி வந்த கொங்கணிகள் செர்லாய் பகுதியில் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றிக் குடியிருக்கிறார்கள். டச்சுத் தளபதி வான் ரீட் மலபாரின் மூலிகைகளைப் பற்றி வெளியிட்ட பன்னிரண்டு தொகுதி நூலுக்கு, இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியரோடு ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி மருத்துவர்களும் உதவினார்கள். 1678 முதல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்த நூலின் வேர் இந்தத் தெருக்களில் இருக்கிறது. குஜராத்தி ரோட்டில் 1904இல் கட்டிய சமணக் கோயிலில் நண்பகலில் புறாக்களுக்குத் தீனி போடுவதைப் பார்க்க ஆட்கள் கூடுகிறார்கள். கச்சி மேமன்கள், தக்னி பேசும் முஸ்லிம்கள், லத்தீன் கத்தோலிக்கர், ஆங்கிலோ இந்தியர் என்று பட்டியல் நீளும். போர்த்துகீசியரின் மத அதிகாரத்தை ஏற்க மாட்டோம் என்று சிரியன் கிறிஸ்தவர்கள் சிலுவையில் கட்டிய கயிற்றைப் பற்றிச் சூளுரைத்ததும், 1653இல், இதே மட்டாஞ்சேரியில்தான்.

தமிழர்களும் இந்த வரிசையில் உண்டு. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியிலுள்ள தோபி கானா என்ற சலவைக்கூடம், தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம். டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் உடுப்பை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவந்த வண்ணார் சமூகத்தினரின் வழிவந்தவர்கள் இங்கே வேலை செய்கிறார்கள். வீட்டில் இன்னும் தமிழ் பேசுகிறார்கள். பல இடங்களில் சிதறிக் கிடந்த வெளுப்பு வேலையை 1976இல் கொச்சி வளர்ச்சிக் குழுமம் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்தது. ஒவ்வொருவருக்கும் தொட்டியும் கல்லும் கொண்ட தனித் தடுப்பு. துணியை ஓங்கிக் கல்லில் அடிக்கும் சத்தம் விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். வெள்ளைத் துணிக்கு நீலம், வேட்டிக்கு அரிசிக் கஞ்சி. திறந்தவெளியில் கொடிகள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. கிளிப் எதுவும் இல்லை. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டிய கொடியின் புரிகளுக்கு நடுவில் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள், காற்று எவ்வளவு அடித்தாலும் கழன்று வராது. உள்ளே இஸ்திரி மேசைகளில் கரிபோட்ட பித்தளைப் பெட்டிகள். உணவகங்களிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் துணி வருகிறது. சலவை இயந்திரங்கள் வந்த பிறகு இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருவது அரிது. வேலை நடக்கும் இடம் என்பதால், படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது மரியாதை. தமிழில் கேட்டாலே போதும்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டாஞ்சேரி ஃபோர்ட் கொச்சியை எளிதாக வென்றுவிடும். 1948 முதல் நடக்கும் காயீஸ் உணவகத்தின் பிரியாணி ஊருக்கே அடையாளம். பகல் உணவு நேரம் தாண்டிப் போனால் அண்டா காலியாகியிருக்கும். குஜராத்தி ரோட்டில் சைவப் பலகாரம் கிடைக்கும். மாலையில் சுலைமானித் தேநீரும் பத்திரி வகைகளும். ஃபோர்ட் கொச்சியில் வலைகளுக்குப் பக்கத்தில் மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தரும் கடைகள் இருக்கின்றன. விலையையும் எடையையும் சமையல் கூலியையும் முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும். டச்சுக் காலத்தின் மிச்சமாக ‘புரூடர்’ என்ற இனிப்பு ரொட்டி பேக்கரிகளில் இன்னும் தட்டுப்படுகிறது.

இசையிலும் இந்த ஊருக்குப் பங்கு உண்டு. பாடகர் கே.ஜே. யேசுதாஸ் 1940இல் பிறந்தது ஃபோர்ட் கொச்சியில். ஆனால் மேற்குக் கொச்சி மக்கள் தங்களவர் என்று கொண்டாடுவது பாடகர் மெஹபூபை (1926–1981). திருமண வீடுகளில் இரவு முழுதும் ஆர்மோனியத்தோடு பாடியவர் அவர். ஹிந்துஸ்தானி, கஜல் ரசனை மட்டாஞ்சேரியில் இன்னும் வாடவில்லை. ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி முசிறி பினாலே என்ற கலைக்காட்சி, பழைய பண்டகசாலைகளை ஓவியக்கூடங்களாக மாற்றியது. 1867இல் தொடங்கிய ஆஸ்பின்வால் வணிக நிறுவனத்தின் கடற்கரை வளாகம் அதன் முக்கியக் களமாக இருந்து வந்திருக்கிறது. பினாலே நடக்கும் மாதங்களில் வந்தால் பூட்டிய பல கட்டடங்களின் உள்பக்கத்தைப் பார்க்க வாய்ப்பு. டிசம்பர் கடைசி வாரம் கொச்சின் கார்னிவல். 31ஆம் தேதி நள்ளிரவில் பப்பாஞ்சி என்ற தாத்தா உருவத்தை எரித்து ஆண்டை வழியனுப்புகிறார்கள். அன்றைய கூட்டம் மூச்சுமுட்டும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் அந்த இரவைத் தவிர்த்துவிடலாம்.

கூட்டம் என்றால் பார்சிலோனா நினைவுக்கு வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஸ்பெயினின் அந்தக் கடற்கரை நகரத்தில் வீட்டு வாடகை உயர்ந்துபோன கோபத்தில், 2024 ஜூலையில் ஊர்மக்கள் உணவகங்களில் உட்கார்ந்திருந்த பயணிகள்மேல் நீர்த்துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். பயணிகளுக்கு வாடகைக்கு விடும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளின் உரிமத்தை 2028 நவம்பரோடு முடித்துவிடப் போவதாக மாநகராட்சி அறிவித்தது. கொச்சி அந்த நிலைக்கு வரவில்லை. இங்கே பயணிகள்மேல் யாருக்கும் கோபம் இல்லை. சிரித்த முகத்தோடுதான் வழி சொல்கிறார்கள். ஆனால் ஃபோர்ட் கொச்சியின் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக விடுதிகளாகின்றன. மட்டாஞ்சேரிச் சந்துகளில் ஒரே அறையில் ஒரு குடும்பம் நெருக்கிக்கொண்டு வாழ்கிறது. குடிநீர்த் தட்டுப்பாடு ஊரின் தீராத புகார். சுற்றுலாவில் வரும் பணம் யூதர் தெருவைத் தாண்டி அந்தச் சந்துகளுக்குள் போவது குறைவு. கம்பளமும் கைவினைப் பொருளும் வாங்கச் சொல்லிப் பெரிய கடைகளுக்கு அழைத்துப் போகும் ஆட்டோக்களுக்கு அந்தக் கடைகள் தரகு கொடுக்கின்றன. இலவசச் சவாரி என்று சொன்னால் அதன் விலை வேறு எங்கோ கட்டப்படுகிறது. பஜார் ரோட்டுக் கடையில் கால் கிலோ மிளகு வாங்குவதும் சாதாரண உணவகத்தில் சாப்பிடுவதும் உள்ளூர்க்காரருக்கு நேரடியாகப் போய்ச் சேரும்.

நாள் தேர்வில் கொஞ்சம் கவனம் வேண்டும். அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சினகாக் வெள்ளி பிற்பகலிலும் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டும் திறந்திருக்கும், ஆனால் மொத்த வியாபாரக் கடைகள் அடைப்பு. ஆக, வார இறுதியில் ஓடிவந்து திரும்புகிறவர்கள் ஏதாவது ஒன்றை இழப்பது உறுதி. திங்கள் முதல் வியாழனுக்குள் இரண்டு நாளும், நடுவில் ஓர் இரவும் சரியான கணக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை வெளுத்து வாங்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்க ஏற்ற காலம். காலை எட்டு மணிக்குப் பஜார் ரோடு, பத்து மணிக்கு அரண்மனை, அதன்பின் சினகாக், மாலையில் சீனவலை என்று வைத்துக்கொண்டால் வெயிலிலும் கூட்டத்திலும் பாதி குறையும். ஒரே நாள்தான் முடியும் என்பவர்கள் ஃபோர்ட் கொச்சியைச் சுருக்கிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு நேரத்தைக் கொடுக்கட்டும்.